பெல்ட் ஏறுகிறது, தோள்பட்டையும் ஏறுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மதுரைப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்க, அவர்கள் கைமேல் பைக் ஏறிப் போகிறது. கீழே 'கராத்தே சாதனை' என்று போட்டிருந்தீர்கள். பைக்குக்கும் கராத்தேக்கும் என்னடா சம்பந்தம் என்று பேரனிடம் கேட்டேன். கராத்தே வகுப்புக்குப் போகிற அவனுக்கும் தெரியவில்லை.

நான் செல்லூரில் கொத்தனார். வயது 56. கராத்தே பழகி 22 வருடம் ஆகிறது. அதில் பெரும்பகுதி ஒரே ஒரு கட்டாவில் போயிற்று. கட்டா என்றால் எதிராளி இல்லாமல், வகுத்து வைத்த வரிசைப்படி செய்கிற அசைவுகள். சான்சின் என்று பெயர். 'மூன்று போர்கள்' என்று பொருள். ஜப்பானின் ஓகினாவாத் தீவில் நாஹா ஊர்க்காரரான ஹிகாஒன்னா கன்ரியோ, சீனாவின் ஃபூஜோவுக்குப் போய்க் கற்று வந்து ஊரில் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் சிறு வயதிலேயே சேர்ந்த மியாகி சோஜுன்தான் பிற்பாடு கோஜு ரியு என்ற பிரிவை உண்டாக்கியவர். பார்க்கப்போனால் சான்சினில் ஒன்றுமே இல்லை. மூன்றடி நடை, குத்து, கையை இழுத்தல், மூச்சு. தாவலும் கிடையாது, உதையும் கிடையாது.

அந்த மூன்றடியைத்தான் நான் வருடக்கணக்கில் தப்பாக நடந்திருக்கிறேன். அடி வைக்கும்போது உடம்பு மேலே எழும்பி இறங்குகிறது என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அது தெரியவே இல்லை. கடைசியில் மொட்டை மாடியில், சான்சின் நிலையில் நின்றால் என் உச்சந்தலைக்கு ஒரு விரற்கடை மேலே வரும்படி, பூச்சு வேலைக்குப் பிடிக்கிற நூலை இழுத்துக் கட்டி அதன் அடியில் நடந்து பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் நூல் தலையில் இடித்தது. காலை உள்பக்கமாக வளைத்துக் கொண்டுவரும்போது, ஊன்றிய காலின் முழங்காலை நிமிர்த்திவிடுகிறேன். காரணம் அவ்வளவுதான். அதைத் திருத்த நான்கு மாதம் பிடித்தது. அப்புறம் வலது தோள். சாந்துச் சட்டி தூக்கிப் பழகிய தோள், குத்தும்போதெல்லாம் காதைத் தொடப் பார்க்கும். அது இன்னும் முழுதாக இறங்கவில்லை.

மூச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முகம் சிவக்க மூச்சை அடைத்து முக்குவதுதான் சான்சின் என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சை அடைத்து முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். நான் பிபி மாத்திரை சாப்பிடுகிறவன். குத்தோடு சேர்ந்து மூச்சும் வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

பேரன் போகும் வகுப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு, அதற்குத் தனிக் கட்டணம். ஒன்றரை வருடத்தில் ஆறு கட்டா முடித்துவிட்டான். ஆறிலும் முழங்கை விலாவை விட்டு வெளியே கிடக்கிறது. இரண்டு மாதம் ஒன்றையே செய்யச் சொல்லக் கூடாதா என்று அங்கே கேட்டேன். "பெல்ட் மாறலைன்னா வீட்ல நிறுத்திடுறாங்கண்ணே" என்றார் அங்கே சொல்லிக்கொடுக்கிற தம்பி. அவரையும் குறை சொல்ல முடியவில்லை. வாசலில் காத்திருக்கிற நாங்கள் எல்லாருமே பிள்ளை வெளியே வந்ததும் 'அடுத்த பெல்ட் எப்போ' என்றுதான் கேட்கிறோம். என் அப்பா சிலம்பம் பழகினவர். காலடி சரியாக வரும்வரை அவருடைய ஆசான் கையில் கம்பே கொடுக்கவில்லையாம். அந்தப் பொறுமை நம் ஊரிலும் இருந்ததுதான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், ஆண்கள் கட்டா தங்கத்தை வாங்கிய கியுனா ரியோ ஓகினாவாக்காரர். அன்று அவர் கூரை ஓடு எதையும் உடைக்கவில்லை, அவர்மேல் வண்டியும் ஏறவில்லை. தனியாளாக நின்று கட்டா செய்தார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பைக் ஏற்றுகிற படத்துக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியை, ஒரு பிள்ளை ஒரே அடியை நூறாவது முறை திருத்திக்கொள்ளும் படத்துக்குக் கொடுங்கள். உங்கள் போட்டோகிராபர் காலை ஐந்தரைக்குச் செல்லூர் வந்தால் எங்கள் மாடிக்கே கூட்டிப்போகிறேன். பேரனும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருகிறான். அவன் உயரத்துக்கு நூலை இறக்கிக் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செல்லூர் கொத்தனார் ஒருவர்,
மதுரை.