மருத்துவர் கேத்தரின் ஹாம்லின் நினைவாக

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாளை, ஜனவரி 24, மகப்பேறு மருத்துவர் கேத்தரின் ஹாம்லினின் பிறந்தநாள். 1924இல் சிட்னியில் பிறந்த அவர், செவிலியருக்கு மகப்பேறுப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்குவதற்காக, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கணவர் ரெஜினால்டுடன் 1959இல் எத்தியோப்பியா சென்றார். 2020 மார்ச்சில் தமது 96ஆம் வயதில் அந்நாட்டுத் தலைநகர் அடிஸ் அபாபாவிலேயே காலமானார்.

பிரசவம் நாட்கணக்கில் தடைபடும்போது, குழந்தையின் தலை ஓயாமல் அழுத்துவதால் பிறப்புறுப்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலுள்ள திசு இரத்த ஓட்டமின்றி அழுகித் துளை விழுகிறது. ஃபிஸ்டுலா எனப்படும் இந்நிலையில் குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. தாய்க்கோ சிறுநீர் இடைவிடாது கசிய, அந்த நாற்றத்தைக் காரணம் காட்டிக் கணவனும் ஊராரும் அவளை ஒதுக்கிவிடுகிறார்கள். உரிய நேரத்தில் சிசேரியன் செய்திருந்தால் வந்தேயிருக்காத துன்பம் இது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இப்பெண்களுக்கென்றே ஹாம்லின் தம்பதியர் 1974இல் தொடங்கிய மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். குணமாகி ஊர் திரும்புபவருக்குப் புத்தாடையும் தருவார்கள். அங்கு நோயாளியாக வந்த மாமிட்டு காஷே, பணிவிடை செய்துகொண்டே கற்று, மருத்துவப் பட்டமின்றியே தேர்ந்த அறுவைச் சிகிச்சையாளரானார். என் பார்வையில் ஹாம்லினின் ஆகப் பெரிய சாதனை அதுவே. 2007இல் கிராமப்புறங்களுக்கான மகப்பேறு உதவியாளர்களை உருவாக்கக் கல்லூரியும் தொடங்கினார்.

பிரசவ வார்டில் பணியாற்றும் உறுப்பினர்கள் இதையொட்டிய தங்கள் அனுபவங்களை நாளை மாலை இங்கே எழுதலாம். நோயாளிகளின் பெயர்களையும் படங்களையும் அன்புகூர்ந்து தவிர்க்கவும்.

— குழு நிர்வாகி