பார்ஸ் 4 என்றால் எந்த 4?

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. மனநல வார்டு பொறுப்பு முழுதும் உன் தலையில் வந்துவிட்டது என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடியே 'ஐயோ பாவம்' என்றும் தோன்றியது. நான் வகுப்பெடுக்க வந்த பிறகு இரவு டியூட்டி தொலைந்தது, முழங்கால் வலி மட்டும் விடாமல் கூட வந்திருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நோயாளிகளின் கொந்தளிப்பை ஷிஃப்டுக்கு ஒருமுறை எண்ணாகப் பதியச் சொல்லிவிட்டார்கள், எந்த ஸ்கேலை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். அந்த எண் யாருக்கு வேண்டும் என்று முதலில் கேட்டுச் சொல். மருந்தை ஆராய்கிறவருக்குத் தேவைப்படுவது ஒன்று. நடுராத்திரியில் ஊசி போடுவதா, இன்னும் பத்து நிமிடம் பேசிப் பார்ப்பதா என்று தவிக்கிற நர்ஸுக்குத் தேவைப்படுவது வேறு.

ஆய்வுகளில் அதிகம் புழங்குவது, மனச்சிதைவு நோயின் அறிகுறிகளை அளக்கிற பான்ஸ் அளவுகோலின் ஒரு துண்டு. 1987-இல் வந்த முழு பான்ஸில் 30 கூறுகள். அதிலிருந்து பரபரப்பு, இறுக்கம், பகைமை, ஒத்துழையாமை, உந்துதலை அடக்க முடியாமை என்ற ஐந்தை மட்டும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போடுவார்கள். கூட்டினால் 5-லிருந்து 35 வரை வரும். மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்தில் அது எவ்வளவு இறங்கியது என்று பல ஆய்வுகளில் பார்க்கிறார்கள். எனக்கு இதில்தான் நெருடல். அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவரிடம் பகைமை ஏது, ஒத்துழையாமை ஏது? அவருக்கு 5 விழும். மனம் தணிந்து நம்மோடு உட்கார்ந்து பேசுகிறவருக்கும் அதே 5. இந்த இரண்டு பேரும் ஒன்றா? நீயே சொல்.

அதற்காக எல்லா இடத்திலும் தூக்கத்தைக் குறை சொல்லவும் மாட்டேன். ரியோ டி ஜெனிரோவில் நடந்து 2003-இலும், வேலூரில் நடந்து 2004-இலும் வெளிவந்த அவசரப் பிரிவு ஆய்வுகள் நினைவிருக்கிறதா? நீண்ட ஸ்கேல்களை ஓரம் வைத்துவிட்டு, 'அமைதியாகவோ தூங்கியோ இருக்கிறாரா' என்பதையே முக்கியமாகப் பார்த்தார்கள். அடிதடி நடக்கிற இடத்தில் அது நியாயமான கேள்வி. ஆனால் வேலூர்க்காரர்கள் தூக்கத்தைத் தனியாகவும் எண்ணினார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

பார்ஸ் என்ற நடத்தை ஸ்கேல் உனக்குத் தெரிந்ததுதான். ஒரே வரி, 1 முதல் 7 வரை. எழுப்பவே கஷ்டம் என்றால் 1, விழித்து அமைதியாக இருந்தால் 4, துடிப்பாக இருந்தாலும் சொன்னால் அடங்குகிறார் என்றால் 5, ஓயாமல் அலைகிறார் ஆனால் கட்டிப்போடத் தேவையில்லை என்றால் 6, வன்முறை, கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்றால் 7. நோயாளியிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், பார்த்தாலே போதும். நல்ல வசதி. ஆனால் அந்த 6-க்கும் 7-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கவனி. பிடித்துக் கட்ட வேண்டுமா என்று முடிவெடுப்பது நாம்! ஆள் போதாத ஷிஃப்டில் சீக்கிரமே 7 ஆகிவிடுகிற நோயாளி, பொறுமையான இரண்டு பேர் டியூட்டியில் இருந்தால் 6-லேயே நிற்பார். அப்போது அந்த எண் அளப்பது நோயாளியை மட்டுமா?

அதைவிட ஆபத்தான ஒன்று. மருந்தின் பக்கவிளைவாக ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிக்கிற அகதீசியாவை அளக்க 1989-இல் பார்ன்ஸ் கொடுத்த ஸ்கேலுக்கும் சுருக்கம் 'பார்ஸ்'தான். அதன் மொத்த மதிப்பீடு 0 முதல் 5 வரை போகும், அதில் 4 என்றால் கடுமைக்கு ஒரே படி கீழே உள்ள, மிகுதியான அகதீசியா. கேஸ் ஷீட்டில் வெறுமனே 'பார்ஸ் 4' என்று எழுதினால், ஒருவர் 'அமைதியாக இருக்கிறார்' என்று படிப்பார், இன்னொருவர் பதறி ஓடிவருவார். பெயரை முழுதாக எழுதச் சொல், தயவுசெய்து. மருந்தினால் கால் ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கிற நோயாளியைப் பார்த்துக் கொந்தளிப்பு என்று நினைத்து, அதே மருந்தை இன்னும் கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கொந்தளிப்பு ஸ்கேலும் தானாக இதைப் பிரித்துக் காட்டாது. 'உள்ளுக்குள் நிற்க முடியவில்லையா, நடந்தால் கொஞ்சம் தேவலையா' என்று அவரிடமே கேட்க வேண்டும்.

ஷிஃப்ட் பதிவுக்கு என் ஓட்டு நார்வேயில் பிறந்த ப்ரோசெட் பட்டியலுக்கு. குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய் மிரட்டல், உடல் மிரட்டல், பொருள்களைத் தாக்குதல். ஆறில் ஒவ்வொன்றுக்கும் உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0, அவ்வளவுதான். அடுத்த 24 மணி நேரத்தில் வன்முறை வருமா என்று ஊகிக்கத்தான் அது. 3 அல்லது அதற்கு மேல் என்றால் உஷார். இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: எப்போதுமே சத்தமாகப் பேசுகிற, நமக்கு நன்றாகத் தெரிந்த நோயாளிக்கு அந்தச் சத்தத்துக்காக 1 போடக்கூடாது, வழக்கத்தைவிடக் கூடினால்தான் போட வேண்டும். அதாவது ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 14 வார்டுகளில் நடந்த ஆய்வில், இப்படி முறையாகக் கணித்த வார்டுகளில் கடுமையான தாக்குதல்களும் கட்டாய நடவடிக்கைகளும் குறைந்தன என்று 2008-இல் எழுதினார்கள். எண்ணைப் போட்டதால் மட்டும் குறைந்திருக்காது. எண் ஏறியதும் யாரோ எழுந்து போய்ப் பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

நாள்பட்ட மறதி நோயாளிகள் உன் வார்டில் இருந்தால் அவர்களுக்கு இது போதாது. கோஹென்-மான்ஸ்ஃபீல்டின் பட்டியல் 29 நடத்தைகளை, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை என்று கேட்கும். அதைத் தனியாக வைத்துக்கொள்.

படிவம் அச்சடிக்கும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. ஸ்கோருக்குக் கீழே 'இதற்குச் சற்று முன் என்ன நடந்தது' என்று ஒரு வரிக்கு இடம் விடச் சொல். வீட்டிலிருந்து யாரும் பார்க்க வரவில்லை, போனைப் பிடுங்கி வைத்தார்கள், பக்கத்துக் கட்டிலோடு சண்டை, எதுவானாலும் சரி. மேலிடத்தில் 'இதை எப்படிக் கணினியில் ஏற்றுவது' என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நீ விட்டுக்கொடுக்காதே.

உன் பெரியவளுக்குத் தேர்வு முடிவு வந்ததும் எழுதடி.

அன்புடன்,
சுசீலா