மண்ணைச் சலிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்களை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். புது ஹாஸ்டலுக்கு அஸ்திவாரம் தோண்டிய குழி, சுற்றிலும் மஞ்சள் நாடா, நடுவில் பழுப்பாய் ஓர் எலும்பு, பக்கத்தில் அளவுக்கு வைத்த ஸ்கேல். வேலைக்காலம் முழுக்க எக்ஸ்ரே அறையில் எலும்பு பார்த்தவனிடம் இப்படி ஒரு படத்தைக் காட்டினால் சும்மா இருப்பேனா? அன்று ராத்திரியே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த எலும்பின் கீழ் நுனியைக் கவனி. இரண்டாகப் பிரிந்து கவட்டை போல விரிகிறது. குதிரைக்கு அந்த இடத்தில் ஒற்றைத் தலைதான். மாட்டுக்கு இரண்டு உண்டு, ஆனால் ஒட்டி நிற்கும். இப்படி விலகி விரிந்தால் ஒட்டகத்தின் கால் எலும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உங்கள் பேராசிரியர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதை எடுத்துக்கொள். நான் மனித எலும்புக்காரன்.

கலிபோர்னியாவில் ஒட்டகமா என்று அம்மா சிரித்தாள். ஒட்டகக் குடும்பமே வட அமெரிக்காவில்தான் தோன்றியதாம், 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அங்கிருந்து பிற்பாடுதான் ஆசியாவுக்கு வந்திருக்கிறது. குதிரையும் அப்படித்தான். பனியுகம் முடியும்போது இரண்டும் பிறந்த மண்ணிலேயே அற்றுப்போய்விட்டன. குதிரையை மறுபடி அங்கே கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். நீ இருக்கும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு முழுக்க ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் என்பதால், எங்கே ஆழமாகத் தோண்டினாலும் ஏதாவது அகப்படலாம். 1993-இல் மடேரா மாவட்டத்து ஃபேர்மீடில் குப்பை கொட்டக் குழி தோண்டும்போது மாமூத் என்ற பழங்கால யானையின் தந்தம் ஒன்று கிடைத்தது. பிறகு ஒட்டகம், குதிரை, வாள்பல் பூனை என்று தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்ததால் எதிரிலேயே ஓர் அருங்காட்சியகம் கட்டிவிட்டார்கள். உனக்குப் பக்கம்தானே, ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

கல்விக்கூடங்களில் இது நடப்பதும் புதிதல்ல. 2016 ஜனவரியில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தை ஒட்டிக் கட்டடத்தைப் பெரிதாக்கத் தோண்டியபோது மாமூத்தின் தொடை எலும்பு வந்தது. கூடவே காட்டெருமை, ஒட்டகம் இவற்றின் எலும்புகளும். லாஸ் ஏஞ்சலஸில் சான் பெட்ரோ உயர்நிலைப் பள்ளியில் 2022 முதல் நடந்த கட்டட வேலையில், சுமார் 87 லட்சம் ஆண்டுப் பழமையான கடல்வாழ் உயிர்களின் எலும்புப் படுகையே இருந்தது. சுறா, டால்பின், கோரைப்பல் கொண்ட சால்மன் மீன் எல்லாம் வகுப்பறைக்குக் கீழே கிடந்திருக்கின்றன. பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து பரீட்சை எழுதியிருக்கிறார்கள்.

எலும்பு வந்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தாய். அது யாருடைய பெருந்தன்மையும் இல்லை. 1970-இல் வந்த கலிபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி, பெரிய கட்டடம் கட்டுமுன் மண்ணுக்குள் தொல்லுயிர் எச்சம் இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்க வேண்டும். வாய்ப்பிருந்தால் தோண்டும்போது பக்கத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் நிற்பார். அவர் கையைத் தூக்கினால் அந்த இடத்தில் மட்டும் இயந்திரம் நிற்கும்; மற்ற மூலையில் வேலை ஓடும். அந்த எலும்பைச் சாக்குத் துணியில் பிளாஸ்டர் தோய்த்துச் சுற்றி எடுத்தார்கள் என்று நீ எழுதியதைப் படித்துத்தான் எனக்கு ஒரே சந்தோஷம். அது நம் மாவுக்கட்டுதானே பாப்பா! எலும்பின் மேல் நேராகப் பிளாஸ்டர் படாமல் முதலில் ஈரக் காகிதம் வைப்பார்களாம். நாங்கள் பஞ்சு வைப்போம். கை உடைந்து வந்த எத்தனையோ பிள்ளைகள் கட்டுப் போட்ட கையோடு என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஒட்டகத்துக்கும் அதே மருத்துவம் என்று தெரிந்திருந்தால் அவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்.

ஒரு சின்னத் துண்டுகூட ஞாபகார்த்தமாக எடுத்து வைத்துக்கொள்ளாதே. பொது நிலத்திலிருந்து அனுமதியில்லாமல் எடுப்பது அங்கே குற்றம். விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வம்பு வேண்டாம்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

நீ கடைசியாக அனுப்பிய படத்தில் சல்லடையோடு நிற்கிறாய். சின்ன எலும்புகள், எலிப்பல் இதெல்லாம் தவறிவிடக் கூடாதென்று மண்ணைச் சலிக்கிறீர்கள். தலைமுடி எல்லாம் தூசி. மூக்கில் வாயில் எதுவும் கட்டவில்லை. அந்தப் படத்தை அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது உன் சிரிப்பை. எனக்குக் கண் அந்தத் தூசியை விட்டு நகரவில்லை.

உங்கள் பள்ளத்தாக்கின் மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்றொரு பூஞ்சை இருக்கிறது. மழைக்காலத்தில் நூல் நூலாக வளரும், வெயிலில் காய்ந்து வித்துகளாகப் பொடியும். அந்த வித்துகள் கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலின் அடி வரை போகும் அளவுக்கு நுண்ணியவை. வேலி ஃபீவர் என்று அங்கே சொல்லும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் அதனால் வருவது. மண்ணைக் கிளறுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்: விவசாயிகள், கட்டட வேலையாட்கள், அகழ்வாராய்ச்சிக்காரர்கள். 1970 கோடையில் வடக்கு கலிபோர்னியாவின் சிக்கோ அருகே பழங்குடியினர் வாழ்ந்த இடத்தைத் தோண்டிய நூற்றுச் சொச்சம் தொல்லியல் மாணவர்களில் பாதிக்கு மேல் இதில் விழுந்தார்கள். அத்தனை பேரும் உன் வயசுப் பிள்ளைகள். 2001-இல் யூட்டா மாநிலத்தில் டைனோசர் நேஷனல் மானுமென்ட்டில் தொல்லியல் இடமொன்றில் வேலை செய்த 10 பேருக்கு வந்தது. அந்த வட்டாரத்தில் இந்தப் பூஞ்சை இருக்கிறதென்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று மண் சலிப்பது.

இந்த நோயின் கதையிலும் மாணவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. 1892-இல் அர்ஜென்டினாவில் முதன்முதலில் இதைக் கண்டு எழுதிய அலெஹான்ட்ரோ பொசாடாஸ் அப்போது மருத்துவ மாணவர். அதன்பின் பல வருஷம், வந்தால் பிழைப்பது அரிது என்றே டாக்டர்கள் நம்பினார்கள். 1929-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹெரால்ட் சோப் என்ற மருத்துவ மாணவர் இந்தப் பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பூஞ்சையை வளர்த்து வைத்திருந்த பழைய கல்ச்சர் தட்டு ஒன்றைத் திறந்தபோது வித்துகள் மூச்சில் போய்விட்டன. காய்ச்சலிலும் நெஞ்சுவலியிலும் கிடந்தார், கதை முடிந்தது என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். மனிதர் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். பள்ளத்தாக்கில் வருஷா வருஷம் வந்து தானே போகும் காய்ச்சலும் இதுவும் ஒன்றுதான் என்பது அந்த வழியாகத்தான் பிடிபட்டது.

ஆகவே பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. வித்தை மூச்சில் இழுத்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு ஒன்றுமே தெரியாது. மீதிப் பேரில் பெரும்பாலோருக்கும் தானே சரியாகும். வெகுசிலருக்குத்தான் நுரையீரலைத் தாண்டி எலும்புக்கோ மூளை உறைக்கோ பரவும். அந்தச் சிலரில் நீ இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சலிக்கும் வேலையை விடு என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. என்95 மாஸ்க், முகத்தோடு இறுக ஒட்டும்படி போட்டுக்கொள். துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வதெல்லாம் இந்த வித்துக்கு முன்னால் நிற்காது. மண்ணை ஈரப்படுத்திச் சலிக்க முடியுமா என்று கேள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் நில். புழுதிக் காற்று கிளம்பினால் சல்லடையைக் கீழே வை. அறைக்கு வந்ததும் முதலில் குளி, அந்த உடுப்போடு கட்டிலில் சாயாதே. கலிபோர்னியாவில் 2019-இல் போட்ட சட்டம் ஒன்றின்படி, உங்கள் பக்கம் போல இந்த நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் கட்டட வேலையாட்களுக்கு இதைப் பற்றிப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். சம்பளமில்லாமல் உதவிக்கு நிற்கும் மாணவர்கள் அந்தக் கணக்கில் விட்டுப்போயிருக்கலாம். எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று நீயே போய்க் கேள். கூச்சப்படாதே.

வித்து உள்ளே போய் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில்தான் காட்டும். காய்ச்சல், இருமல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி, சில பேருக்கு முழங்காலுக்குக் கீழே சிவந்த தடிப்பு. எல்லாவற்றையும் விடச் சோர்வு. மாடிப்படி ஏறினால் உட்கார வேண்டும் போல வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வு. பரீட்சை நேரத்துக் களைப்பு என்று நீ நினைத்துக்கொள்வாய். அம்மா கட்டிக் கொடுத்த மருந்துப் பெட்டியைத் திறந்து ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளாதே. அது பூஞ்சையைத் தொடாது. ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சலோ இருமலோ விடவில்லை என்றால் கேம்பஸ் ஹெல்த் சென்டருக்குப் போ. ஓரிகனில் எலும்புகள் குவியலாகக் கிடந்ததற்கு அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் ஒரு காரணம் சொன்னார்: நோய் வந்த விலங்குகள் நீர்நிலையைத் தேடிப் போகும், அங்கேயே விழும் என்று. மாமூத்துக்கே போக ஓர் இடம் தெரிந்திருக்கிறது. என் மகள் ஹாஸ்டல் அறையில் போர்த்திக்கொண்டு கிடக்கக் கூடாது.

அங்கே போய் என்ன சொல்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “காய்ச்சல், இருமல்” என்று மட்டும் சொன்னால் நிமோனியா என்று ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிட வாய்ப்புண்டு. பள்ளத்தாக்கிலேயே இப்படி நடக்கிறது. நீ இந்தியாவிலிருந்து வந்தவள் என்று பதிவில் பார்த்ததும் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் விழுந்தால் அடுத்துக் காசநோய் என்று யோசிப்பார்கள். அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பேன். நுரையீரலில் விழும் நிழல் தன் பெயரை எழுதிக்கொண்டு வருவதில்லை. டாக்டர்கள் படத்தைப் பெட்டி வெளிச்சத்தில் மாட்டிவிட்டு நோயாளியைத்தான் மறுபடி மறுபடி விசாரிப்பார்கள். ஆகவே அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீயே சொல்: இன்ன தேதியிலிருந்து கட்டட இடத்தில் மண் சலித்தேன், வேலி ஃபீவருக்கு ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று. தொடக்கத்தில் அந்தப் பரிசோதனை நோய் இல்லை என்று காட்டலாம். அறிகுறி தொடர்ந்தால் சில வாரம் கழித்துத் திரும்பச் செய்யச் சொல். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கிறோம் என்றால், சின்ன வயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது என்று சொல்லி, ரத்தத்தில் பார்க்கும் முறையைக் கேள். தோல் சோதனையை பிசிஜி குழப்பும், ரத்தச் சோதனையைக் குழப்பாது. உறுதியானாலும் எல்லோருக்கும் மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து மாதக்கணக்கில் போகும். இது ஆளுக்கு ஆள் ஒட்டாது, அறைத்தோழியைப் பயமுறுத்த வேண்டாம்.

மூச்சு வாங்கினால், கழுத்து விறைத்துத் தலைவலி வந்தால், ஹெல்த் சென்டர் திறக்கும்வரை காத்திருக்காதே. அவசர உதவிக்கு 911-ஐ அழை. பில்லை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹெல்த் சென்டரில் டாக்டரைப் பார்ப்பது பெரும்பாலும் நீ கட்டும் ஃபீஸிலேயே அடங்கிவிடும். லேப், எக்ஸ்ரே, வெளி டாக்டர் என்று போகும்போதுதான் இன்ஷூரன்ஸ். வெளியே அனுப்பினால் அந்த இடம் உன் இன்ஷூரன்ஸ் வலைக்குள் வருமா என்று கேட்டுவிட்டுப் போ. மனசு கஷ்டத்துக்கும் அதே கட்டடத்திலோ பக்கத்திலோ கவுன்சிலர் இருப்பார். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன், நீ புரிந்துகொள்வாய்.

உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால், நான் அங்கே போன் செய்து என் மகளுக்கு என்ன என்று கேட்டால் உன் சம்மதமில்லாமல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கு இது அநியாயமாகப் படுகிறது. எனக்கு அப்படி இல்லை. எங்கள் எக்ஸ்ரே அறை வாசலில், கல்யாணமாகாத பிள்ளையின் படத்தை மாமாவும் சித்தப்பாவும் வாங்கிப் பார்த்து ஊர்முழுக்கச் சொன்னதை நிறையப் பார்த்தவன் நான். உன் உடம்பு விஷயம் உன்னிடமே இருக்கட்டும். எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவசரத் தொடர்புக்கு மட்டும் என் நம்பரை முதலில் போடாதே. பாதி ராத்திரியில் இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? அறைத்தோழி நம்பரைப் போடு, அவளிடம் சொல்லிவிட்டு. எங்களை இரண்டாவதாகப் போடு.

நீ கிளம்புமுன் விசாவுக்கும் அட்மிஷனுக்கும் அலையும்போது எடுத்த நெஞ்சுப் படத்தை பத்திரமாக வைத்திருக்கிறேன். சுத்தமான படம். நிழலே இல்லை. நாளைக்கு அங்கே படம் எடுக்க நேர்ந்தால் டாக்டர் முதலில் தேடுவது பழைய படத்தைத்தான். இது புதிதா, முன்பே இருந்ததா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். அதைச் செய்தவன் நான், எனக்குத் தெரியும். ஸ்கேன் செய்து ரிப்போர்ட்டோடு உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். போனில் ஒரு பிரதி வைத்துக்கொள், ஹெல்த் சென்டர் போர்ட்டலில் ஒன்றை ஏற்றிவிடு. ஏற்றிவிட்டு எனக்கு “ஆச்சு” என்று ஒரு வார்த்தை அனுப்பு.

அன்புடன்,
அப்பா