‘நினைவாற்றல்’ தியானமா? தமிழில் எழுதித் தரும் நண்பர்களுக்கு

தியானச் செயலிகளுக்கும் வகுப்பு விளம்பரங்களுக்கும் தமிழ் எழுதுகிறவர்களே, வணக்கம்.

மைண்ட்ஃபுல்னஸ் (இப்போது நடப்பதை விழிப்போடு கவனிக்கும் தியானப் பயிற்சி) என்று வந்தாலே ‘நினைவாற்றல்’ என்று போட்டுவிடுகிறீர்கள். ‘தினமும் நினைவாற்றல் செய்யுங்கள், மனம் அமைதியாகும்’ என்று படிக்கிறவர் என்ன நினைப்பார்? பரீட்சை நேரத்தில் பிள்ளைக்கு வல்லாரை கொடுப்பார்களே, அந்தச் சமாசாரம் என்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், இது முழுத் தப்பும் இல்லை. மூலச் சொல், பழைய பௌத்த நூல்கள் இருக்கும் பாலி மொழியின் ‘சதி’. வடமொழி ஸ்மிருதிதான் பாலியில் அப்படி ஆனது, நினைவு என்பதே அதன் முதல் பொருள். நெடுநாள் முன்பு செய்ததையும் சொன்னதையும் நினைவுகூர்வது என்றே புத்தரின் உரைகளான சுத்தங்களில் (சூத்திரங்களில்) ஓரிடத்தில் விளக்கம் இருக்கிறது. அதே சொல்தான் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியிலும் வருகிறது: நெடிய மூச்சு இழுத்தால் நெடிது என்று தெரிந்திருக்க வேண்டும், குறுகியது என்றால் குறுகியது என்று. பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் 1881இல் ஆங்கிலத்தில் அதை மைண்ட்ஃபுல்னஸ் ஆக்கினார், 1979இல் ஜான் கபட்-சின் அமெரிக்காவில் மருத்துவமனைப் பயிற்சியாக்கினார், அப்புறம் ஊரெல்லாம் சுற்றி உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. (‘சதி’ என்றே போடலாம்தான், ஆனால் தமிழில் அது வேறு வேலை பார்க்கிறது.)

நம் ‘நினைவு’ம் ஞாபகம், விழிப்பு என்ற இந்த இரண்டையும் சுமக்கிற சொல்தானே? ஆஸ்பத்திரி வாசலில் “நினைவு திரும்பிடுச்சா?” என்று கேட்பது ஞாபகசக்தியையா? “எந்த நினைப்புல வண்டி ஓட்டுறே?” என்று திட்டு வாங்காதவர் யார்? கூட ஒட்டிய ‘ஆற்றல்’தான் காரியத்தைக் கெடுக்கிறது.

அமைதி விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பௌத்தம் சொல்லும் ஏழு போதி அங்கங்களில் (ஞானம் பெற உதவும் குணங்களில்) சதி முதலாவது, அமைதி ஐந்தாவது. நடுவில் ஆராய்தல், முயற்சி, மகிழ்ச்சி எல்லாம் இருக்கின்றன. கோபம் வந்தால் கோபம் வந்திருக்கிறது என்று தெரிவதும் சதிதான், அந்த நேரத்தில் மனசு கொதித்துக்கொண்டிருந்தாலும். அதனால் முதல் நாளே அமைதி கிடைக்கும் என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள்.

‘நினைவோடிருத்தல்’ என்று எழுதிப் பாருங்கள். புத்தர் சொன்ன எண்வழியில் (எட்டு அங்கங்கள் கொண்ட நெறியில்) வரும் சதியைப் பற்றி என்றால் ‘நற்கடைப்பிடி’ என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது. பொத்தானில் இடம் போதவில்லையா, ‘கவனம்’ போதும். தயவுசெய்து ‘மனநிறைவு’ மட்டும் வேண்டாம், அது திருப்தி.