சாவியை எடுத்தும் நிற்காத லாரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாவியைப் பிடுங்கிய பிறகும் வெண்புகை கக்கியபடி அலறும் லாரியின் படத்தை, 'பேய் பிடித்த லாரி' என்று சென்ற வாரம் வேடிக்கைச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். அதில் வண்டியை ஒட்டி நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். லாரிப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த வேகத்தில் பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு முறிந்தால் இன்ஜின் உடம்பான பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே பாயும். கூடவே தெறிக்கும் சூடான ஆயில் டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி) மேல் பட்டால் தீப்பிடிக்கும்.

பெட்ரோல் இன்ஜினில் சாவியைத் திருப்பினால் பிளக்கில் பொறி நின்றுவிடும், வண்டியும் நிற்கும். டீசலில் பொறியே கிடையாது. காற்றை அமுக்கிச் சூடேற்றி, அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். சாவியோ, பழைய வண்டியின் ஸ்டாப்பர் கம்பியோ பம்பிலிருந்து வரும் டீசலைத்தான் நிறுத்தும். வேறு வழியில் எரியக்கூடிய எது உள்ளே போனாலும் இன்ஜின் அதைத் தின்றுகொண்டே ஓடும்.

பெரும்பாலும் அது தின்பது தன் சொந்த ஆயிலைத்தான். டர்போவின் சீல் போய்விட்டால் ஆயில் நேராகக் காற்றுக் குழாயில் இறங்கும். இன்ஜின் வேகம் ஏற ஏற டர்போவும் வேகமாகச் சுற்றும், இன்னும் ஆயிலைத் தள்ளும். ஆயில் தீரும்வரை அல்லது இன்ஜின் உடையும்வரை இது ஓயாது. மலையேறி வந்த சூட்டோடு, ஒரு நிமிடம்கூட ஐடிலில் விடாமல் ஆஃப் செய்கிறவர்களின் டர்போதான் சீக்கிரம் போகும். பிஸ்டன் ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிற (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்குகிற) வண்டியில், அந்த வாயுவை வெளியேற்றும் பிரீதர் பைப் வழியாகவும் ஆயில் காற்றுக் குழாய்க்குப் போகும். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றி இதற்கு வழிசெய்கிறவர்களும் இருக்கிறார்கள். பழைய டிராக்டர்களில் இன்னொன்று உண்டு: தூசியைப் பிடிக்க ஆயில் ஊற்றும் ஏர் கிளீனர் கிண்ணத்தில் அளவுக்கு மேல் நிரப்பினால், அதையே இன்ஜின் உறிஞ்சிக்கொண்டு ரேஸ் பிடித்துவிடும்.

நிறுத்த வேண்டுமென்றால் காற்றை அடைக்க வேண்டும். ஏர் ஃபில்டர் வாயை கெட்டியான பலகையால் மூடலாம், கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அந்த வாயில் அடிக்கலாம். கையை வைக்கவே கூடாது. மெல்லிய துணியென்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கியர் வண்டியில் டிரைவர் சீட்டிலேயே இருந்தால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்து, கிளட்ச்சை விட்டால் இன்ஜின் அடங்க வாய்ப்புண்டு. இரண்டுக்கும் நேரமில்லையென்றால் எல்லோரும் தூரப் போய்விட வேண்டும். இன்ஜின் போனால் போகட்டும். டிரைவிங் ஸ்கூலில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, வெளியே காற்றில் எரிவாயு கலந்திருக்கும் இடத்தில். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெய் வடிக்கும் கோபுரம் நிரம்பி வழிந்து, எளிதில் தீப்பற்றும் ஆவி தரையெங்கும் பரவியது. அது வெளியேறிய இடத்திலிருந்து சுமார் 25 அடியில் ஒரு டீசல் பிக்கப் வண்டி ஐடிலில் நின்றது. ஆவியை உறிஞ்சி அதன் இன்ஜின் உறுமியது. வெடிப்புக்குத் தீ மூட்டியது அதுவாகத்தான் இருக்கும் என்பது விசாரணையின் முடிவு. 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமடைந்தார்கள். 2010-இல் 11 உயிர்களைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளத்திலும், கிணற்றுவாயு ஏறியதும் டீசல் ஜெனரேட்டர்கள் கட்டுமீறி ஓடின.

இங்கே கேஸ் பிளாண்ட்டுக்குள் போகும் வண்டியின் சைலன்சரில் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கேட்டைத் திறக்கிறார்கள். பொறி வெளியே வராமலிருக்க அது சரி. வாயு உள்ளே போவதற்கு என்ன தடுப்பு? ஏர் ஷட்ஆஃப் வால்வு ஒன்றும் புதுச் சரக்கல்ல. இன்ஜின் வேகம் எல்லை தாண்டியதும் தானே காற்றை அடைத்துவிடும், எண்ணெய்க் கிணற்று இன்ஜின்களில் பல நாடுகளில் மாட்டுகிறார்கள். கேஸ் டேங்கர்கள் நிறைந்த எங்கள் நாமக்கல்லில் அதைப் பற்றிப் பேசுகிற ஆளைக் காணோம்.

எண்ணெய் நிறுவனங்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே இந்த வால்வைச் சேர்க்க வேண்டும். அதற்கான செலவையும் வாடகையில் ஏற்றித் தர வேண்டும். எல்லாவற்றையும் வண்டி முதலாளி தலையிலேயே கட்டினால், செக்கிங் அன்றைக்கு இரவல் வாங்கி மாட்டி, மறுநாள் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பார்க் அரெஸ்டரில் அந்தக் கூத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
நாமக்கல்