தண்ணீரில் இறக்கியவர்களுக்கும் கைபிடித்து ஏற்றியவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகள் பிறந்து இன்றோடு 40 நாள். பெயர் வைத்து முடித்தாயிற்று. ராத்திரியில் இரண்டு மணி நேரமாவது சேர்ந்தாற்போலத் தூங்குகிறாள். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுத முடிகிறது.

தொட்டித் தண்ணீரில் பிரசவம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு நான்கு மாதம் தயாரானேன். கடைசியில் என் குழந்தை தண்ணீரில் பிறக்கவில்லை, கட்டிலில்தான் பிறந்தாள். இதைச் சொன்னால் “அடடா, அவ்வளவு பாடுபட்டும் நடக்கலையா” என்று எனக்காக வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் கொஞ்சமும் இல்லை. அந்த வருத்தம் இல்லாமல் போனதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் மருத்துவர் அம்மாவுக்கு.

உங்களிடம் வருவதற்கு முன் புதுச்சேரியில் வேறோர் இடத்தில் இதைக் கேட்டேன். அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஃபோன்ல எதையாவது பாத்துட்டு வந்து கேக்காதீங்க” என்றார்கள். வெளியே வந்து கடலூர் பஸ்ஸில் ஏறி, ரெட்டிச்சாவடி தாண்டும் வரைக்கும் அழுதேன். அப்புறம் ஐந்தாம் மாதக் கடைசியில் உங்களிடம் வந்தேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, “தண்ணி எதுக்கும்மா வேணும்னு தோணுது?” மாதவிலக்கு வலிக்கே இடுப்பில் சுடுதண்ணீர் ஊற்றினால்தான் எனக்கு அடங்கும், பிரசவ வலியை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றேன். “சரியான காரணம்தான்” என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்கே நான் உங்களுக்குக் கடன்பட்டவள்.

அதோடு விடவில்லை. நல்லது கெட்டது இரண்டையும் எடுத்து வைத்தீர்கள். வலி எடுக்கும் முதல் கட்டத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் இருந்தால் வலியைத் தாங்குவது எளிது, முதுகில் போடும் ஊசி சிலருக்குத் தேவைப்படாமலே போகும், இதற்கு ஆய்வுகள் இருக்கின்றன என்றீர்கள். குழந்தை தண்ணீருக்குள்ளேயே பிறப்பதால் குழந்தைக்குத் தனி நன்மை உண்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை என்பதையும் சொன்னீர்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2016-இல், வலியின்போது தண்ணீரில் இருக்கலாம், பிறப்பு மட்டும் வெளியே நடக்கட்டும் என்று பரிந்துரைத்ததையும், பிரிட்டனில் மருத்துவமனைகளிலேயே மருத்துவச்சிகள் தண்ணீரில் பிரசவம் பார்ப்பதையும் சேர்த்தே சொன்னீர்கள். ஒன்றை மட்டும் சொல்லி என்னை இழுத்திருக்கலாம், அல்லது தடுத்திருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை.

அடுத்து நிபந்தனைகள். ஒற்றைக் குழந்தையாக இருக்க வேண்டும், தலை கீழே திரும்பியிருக்க வேண்டும், 37 வாரம் முடிந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறக் கூடாது, காய்ச்சல் இருக்கக் கூடாது, முன்னால் ஆபரேஷன் செய்துகொண்டவளாக இருக்கக் கூடாது. “இதுல ஒண்ணு மாறினாலும் தொட்டி கிடையாது. இப்பவே சம்மதம்னா மேல பேசலாம்” என்றீர்கள். சம்மதித்தேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி வந்தேன்.

அத்தைக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய. 2018-இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு தாய் இறந்த செய்தி அத்தையின் மனதில் அப்படியே தங்கியிருந்தது. “தண்ணியில பிரசவமா? அந்தப் பொண்ணுக்கு ஆனது தெரியுமில்ல?” என்று சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அந்தக் கோபம் என் உயிர் மேல் இருந்த பயம் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. மருத்துவர் அம்மா உங்களை நேரில் வரச் சொல்லிப் பிரசவ அறையைக் காட்டினார். தொட்டிக்குப் பக்கத்திலேயே கட்டில், பிராணவாயு, குழந்தையைச் சூடாக வைக்கும் மேடை, கதவைத் திறந்தால் ஆபரேஷன் தியேட்டர். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது ஆஸ்பத்திரிதான், அப்ப சரி” என்றீர்கள். மறுவாரமே திருக்கருகாவூர் போய் விளக்கெண்ணெய்ப் பிரசாதம் வாங்கி வந்தீர்கள். பாடலீஸ்வரர் கோயிலில் பெரியநாயகிக்கு வேண்டிக்கொண்டது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியும்.

மருத்துவச்சி அக்கா, உங்கள் அடையாள அட்டையில் செவிலியர் என்றுதான் போட்டிருக்கிறது. என் பாட்டி இருந்திருந்தால் உங்களை மருத்துவச்சி என்றுதான் கூப்பிட்டிருப்பார். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

பிரசாத எண்ணெயை நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. “வலி வர்ற வரைக்கும் தாராளமா தடவுங்க. அன்னைக்கு மட்டும் வேணாம், தொட்டியில வழுக்கும், எங்க கையும் வழுக்கும்” என்று அத்தையிடம் பதமாகச் சொன்னீர்கள். அம்மா தொட்டித் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போடலாமா என்று கேட்டார். அதற்கு நீங்கள் சொன்ன பதில் எங்கள் எல்லோருக்கும் பாடம். “தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும்மா. ரத்தம் எவ்வளவு போகுது, பனிக்குடத் தண்ணி என்ன நெறத்துல வருதுன்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணும். மஞ்சள் போட்டா என் கண்ணைக் கட்டின மாதிரி.” அம்மா அதன்பின் மஞ்சள் பேச்சையே எடுக்கவில்லை.

என் அப்பா பேசாதவர். அவரே ஒருநாள், “புள்ளைக்கு மூச்சு முட்டாதா?” என்று உங்களிடம் கேட்டுவிட்டார். குழந்தைக்கு உயிர்வாயு தொப்புள் கொடி வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும், நன்றாக இருக்கிற குழந்தை முகத்தில் காற்றுப் பட்ட பிறகுதான் மூச்சை இழுக்கும், அதனால் பிறந்த உடனே முகத்தை மேலே கொண்டுவந்துவிடுவோம், மறுபடி தண்ணீருக்குள் விடவே மாட்டோம் என்று விளக்கினீர்கள். அதோடு நிறுத்தாமல், உள்ளே சிரமப்படுகிற குழந்தை தண்ணீருக்குள்ளேயே மூச்சு இழுத்துவிடக்கூடும், சந்தேகம் வந்தால் அம்மாவை உடனே வெளியே எடுப்பது அதற்காகத்தான் என்றும் சொன்னீர்கள். அப்பா தலையாட்டிக்கொண்டார். உண்மையைப் பாதி மறைத்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

36-ஆம் வாரத்தில் காலித் தொட்டியில் என்னை உட்காரவைத்து எழுந்து வெளியே வரப் பழக்கினீர்கள். ஒரு தடவை இல்லை, மூன்று வாரம், வாரத்துக்கு ஒருமுறை. முதலில் முட்டி போடு, கைப்பிடியைப் பிடி, உள்படியில் வலக்காலை வை, அப்புறம் வெளிப்படி. என் கணவரைப் பின்னால் நிற்கவைத்து அக்குளில் கைகொடுத்துத் தாங்கச் சொன்னீர்கள். நான் மயங்கிவிட்டால் தூக்குவதற்கான வலைத்துணியை விரித்துக் காட்டினீர்கள். இதற்கு இவ்வளவு பழக வேண்டுமா என்று கேட்டேன். “எறங்குறது யாருக்கும் வரும் கண்ணு. வெளிய வர்றதுதான் பாடம்.” அன்று அதன் முழு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் பார்க்கும் அண்ணனுக்கு ஒரு பெரிய நன்றி. உங்களைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள் என்பதாலேயே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். எங்கள் கடலூர்ப் பக்கம் போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வரும், குளித்தால் உடம்பில் வெள்ளை பூக்கும். அதனால் தொட்டிக்கு என்ன தண்ணீர் என்று உங்களைத் துளைத்தெடுத்தேன். நீங்கள் சலித்துக்கொள்ளாமல் மாடிக்குக் கூட்டிப்போய் வடிகட்டி, தனிக் குழாய், சுடுதண்ணீர்க் கலன் எல்லாவற்றையும் காட்டினீர்கள். குழாயில் தங்கிய தண்ணீரில் கிருமி இருக்கலாம் என்பதால் முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் தொட்டியை நிரப்புவீர்களாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, காயவைத்து, யார் எத்தனை மணிக்குச் செய்தார்கள் என்று நோட்டில் கையெழுத்தும் போடுகிறீர்கள். பிரசவத்தன்று மழை, கரண்ட் இரண்டு முறை போய் ஜெனரேட்டர் ஓடியது. சூடு குறைந்துவிடக் கூடாது என்று நீங்கள் வாசலிலேயே நின்றீர்கள் என்று கணவர் சொன்னார். தண்ணீர் 37.5 டிகிரிக்கு மேல் போனால் எனக்கும் குழந்தைக்கும் உடம்பு சூடேறிவிடும், குறைந்தால் நான் நடுங்குவேன். 36.5-இலேயே அது நின்றது உங்களால்தான்.

அந்த ராத்திரி பற்றிச் சொல்கிறேன்.

மத்தியானமே இடுப்பு வலி தொடங்கிவிட்டது. முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். பொய் வலியோ என்று சாயங்காலம் வரைக்கும் நடந்துகொண்டிருந்தேன். சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்டில் இருந்த கணவரின் வேலையை ஒரு நண்பர் ஏற்றுக்கொண்டார், இன்னொருவர் அந்த மழையில் காரில் கொண்டுவந்து இறக்கினார். நான் நன்றி சொன்னால் நீங்கள் இருவரும் கோபித்துக்கொள்வீர்கள், ஆனாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது கருப்பை வாய் 3 செ.மீ. திறந்திருந்தது. சீக்கிரம் தண்ணீரில் இறங்கினால் வலி மந்தமாகிவிடலாம் என்று அக்கா என்னை நடக்கவிட்டார். 5 செ.மீ. ஆனதும், ராத்திரி ஒரு மணிக்கு, இறங்கினேன்.

வலி போகவில்லை. போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் உடம்பு தளர முடிந்தது. மார்புவரை தண்ணீர், வயிற்றின் பாரம் காணாமல் போயிருந்தது. பக்கம் மாற நினைத்தால் மாற முடிந்தது. கணவர் இளநீரை ஸ்ட்ராவில் கொடுத்துக்கொண்டே இருந்தார். கால் மணிக்கு ஒருமுறை, தண்ணீருக்குள்ளேயே வைக்கிற கருவியால் அக்கா குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். அந்தச் சத்தம் எனக்கும் கேட்கும். மூன்று மணி நேரம் அப்படியே போனது. அந்த மூன்று மணி நேரத்தை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். பயந்துகொண்டிருந்த வலியை நான் அழாமல் கடந்தது அங்கேதான்.

நாலு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. அந்தத் தெளிந்த தண்ணீரில் பாசி கரைந்த மாதிரி ஒரு பச்சை பரவியது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது, அது சிரமப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். அக்கா குரலை உயர்த்தவில்லை. “கண்ணு, படிச்ச பாடம்” என்று மட்டும் சொன்னார். ஒரு வலி முடியக் காத்திருந்து முட்டி போட்டேன், கைப்பிடி, உள்படி, வெளிப்படி. கணவரின் கை அக்குளில் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. மருத்துவர் அம்மாவும் குழந்தை மருத்துவரும் வந்து நின்றார்கள். ஒருக்களித்துப் படுத்தபடி, ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அவளைப் பெற்றேன். 2.9 கிலோ. பிறந்ததுமே வீறிட்டு அழுதாள். அழுததைப் பார்த்ததும் குழந்தை மருத்துவர் சிரித்துக்கொண்டே அவளை என் நெஞ்சின் மேல் போடச் சொன்னார்.

மஞ்சள் கலந்த தண்ணீராக இருந்திருந்தால் அந்தப் பச்சை எப்போது கண்ணில் பட்டிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் நினைத்துக்கொள்கிறேன். எழுந்து வரப் பழகாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் என்னை எத்தனை பேர் தூக்க வேண்டியிருந்திருக்கும்? தண்ணீரிலேயே பெற வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்காதபடி என்னைத் தயார் செய்தவர்கள் நீங்கள். எனக்கு வேண்டியிருந்தது பயமில்லாத ஒரு பிரசவம். அது எனக்குக் கிடைத்தது.

இன்னும் சிலர். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரச் செவிலியர் அக்கா, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பிக்மி எண்ணைப் பதிந்து, பிரசவம் புதுச்சேரியில் என்றதும் எந்தெந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தீர்கள். அம்மா வீட்டுத் தெருமுனை ஆட்டோ அண்ணன், முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள், காசும் வாங்கவில்லை. அம்மா, நீங்கள் ராத்திரி முழுவதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்றதும் “மாப்ளையே இருக்கட்டும்” என்று ஒதுங்கிக்கொண்டீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

தண்ணீர் அண்ணனுக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து போய்விட்டீர்கள், குழந்தையைப் பார்க்கவே இல்லை. வரும் புதன்கிழமை ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு அவளைத் தூக்கி வருகிறோம். அன்று உங்களுக்குக் காலை ஷிஃப்ட் என்று அக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மாடியிலிருந்து கொஞ்சம் இறங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையில் பிறந்து, திருப்பாதிரிப்புலியூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு தாய்