கூரைக்குள் ஓடும் ரோலர் கோஸ்டரை எதைக் கொண்டு அளப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் உள்ளரங்க ரோலர் கோஸ்டர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேகம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, தலைகீழாகச் சுற்றுவது இத்தனை தடவை என்று பட்டியல் போட்டுவிட்டு, ‘பேர்தான் பெரிசு’ என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். இவற்றில் ஏறிவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏமாற்றத்துக்கு வேகக் குறைவைக் காரணம் காட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், டிஸ்னி பூங்காவின் ஸ்பேஸ் மௌண்டன் என்ற உள்ளரங்கக் கோஸ்டர் 1975 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர்தான். ஊருக்குள் ஸ்கூட்டர் போகிற வேகம். 50 வருஷம் கழித்தும் அதற்கு வரிசை நீளமாகத்தான் நிற்கிறது. காரணம் இருட்டு. நம் உடம்பு வேகத்தை உணர்வதில்லை. வேகம் கூடுவதையும் குறைவதையும் திசை மாறுவதையும்தான் உணர்கிறது. திறந்தவெளியில் ஓடும் கோஸ்டரில் அடுத்த சரிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். கழுத்தும் தோளும் தாமாகவே இறுகித் தயாராகிவிடும். இருட்டில் அந்த முன்னறிவிப்பு கிடைக்காது. பெட்டி இடப்பக்கம் சாய்ந்த பிறகுதான் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு மூளைக்குத் தகவல் சொல்கிறது. அதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். அதே தடத்தை விளக்கு முழுவதும் எரியவிட்டுப் பார்த்தால், ஒரு கொட்டகைக்குள் நெருக்கிப் போட்ட இரும்புச் சட்டங்களும் தண்டவாளமும்தான் மிஞ்சும். அங்கே 45 கிலோமீட்டர் வெறும் 45 கிலோமீட்டராகத்தான் இருக்கும்.

வேகம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் கூரைக்குள் வழி இருக்கிறது. 1999-இல் அதே ஃப்ளோரிடாவில் திறந்த ராக் அண்ட் ரோலர் கோஸ்டர் நின்ற நிலையிலிருந்து மூன்று விநாடிக்குள் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் நான் நண்பர்களிடம் முதலில் சொல்வது அதை இல்லை. 2004-இல் அங்கேயே யுனிவர்சல் ஆர்லாண்டோ பூங்காவில் வந்த ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி என்ற கோஸ்டரைத்தான். அதில் ஓட்டம் முடிந்துவிட்டதுபோல ரயில் ஓர் இறங்குமிடத்தில் வந்து நிற்கும். சரி, அவ்வளவுதான் என்று மூச்சை விடும்போது, அது போலி இறங்குமிடம் என்று தெரியவரும். தலைக்கு மேலே கூரை முழுவதும் தீ பரவும், ரயில் மறுபடி பாயும். மடிமேல் இருக்கும் கம்பியைத் தளர்த்தப் போகிறார்கள் என்று நம்பிக் கையைத் தளரவிட்டவர்கள் போடுகிற கூச்சலை எந்த அட்டவணையிலும் எழுத முடியாது.

பூங்காக்காரர்கள் முன்கூட்டியே என்ன சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதே பூங்காவில் 2014-இல் வந்த ஹாரி பாட்டர் கிரிங்காட்ஸ் சவாரியில் பெட்டி அங்கங்கே நின்று, பெரிய திரையில் கதை காட்டிவிட்டுத்தான் நகரும். கோஸ்டர் என்று நினைத்து ஏறுகிறவருக்குச் சப்பென்று இருக்கும். கதைக்காக ஏறுகிறவர் மனம் நிறைந்து இறங்குவார். தடம் ஒன்றுதான், எதிர்பார்ப்புதான் வேறு. எது எவ்வளவு என்று விளம்பரத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டால் பாதி மனத்தாங்கல் வராது.

இனி, என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பராமரிப்பு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பூங்காவில், சுரங்கத்தைக் கருவாக வைத்த உள்ளரங்கக் கோஸ்டர் ஒன்றில் ஏறினேன். வரிசை நின்ற இடம் பிரமாதம். ஈரம் சொட்டும் பாறை, மங்கிய அரிக்கேன் விளக்கு, தூரத்தில் உளியோசை. உள்ளே போனால், பாய்ந்து வரவேண்டிய பூதம் ஒரு கையைத் தூக்கியபடி அசையாமல் நின்றது. அதன் முழங்கையில் ரப்பர் தோல் கிழிந்து உள்ளே இருந்த கம்பி தெரிந்தது. எரிமலை தெரியவேண்டிய சுவரில் ப்ரொஜெக்டரின் நீலச் சதுரம் மட்டும். அந்த வெளிச்சத்தில் அடுத்த இரண்டு திருப்பங்களும் பளிச்சென்று தெரிந்தன. தடத்தில் ஒரு குறையும் இல்லை, திறந்த நாளில் ஓடிய அதே தடம்தான். கெட்டுப்போனது ஒரு பொம்மையும் ஒரு ப்ரொஜெக்டரும். அவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்ட முடிந்தவர்களுக்கு அந்த இரண்டையும் சரிசெய்ய மனம் வரவில்லையே! பிரேக்கையும் சக்கரத்தையும் தினமும் சோதிக்கிறார்கள், சோதிக்கத்தான் வேண்டும். காட்சி அமைப்பையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டாமா? கதை சொல்லி அழைத்தவர்கள் கதையைக் காட்டாமல் அனுப்புவது வந்தவர்களை அவமதிப்பது.

ஏறப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழுச் சவாரியையும் படம்பிடித்துப் போட்டிருக்கும் வீடியோக்களை முன்னாடியே பார்க்காதீர்கள். கேமரா இருட்டை வெளுப்பாக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியக்கூடாத தண்டவாளம் அதில் தெரிகிறது. மம்மியின் போலி இறங்குமிடம்போல ஒரு சூழ்ச்சியைத் தெரிந்துகொண்டு போனால் திரும்ப அந்த முதல் தடவை கிடைக்காது. அப்புறம், தலைசுற்றல் உள்ளவர்கள் டிஸ்னியின் காஸ்மிக் ரீவைண்ட் மாதிரியான புதிய வகைகளில் கொஞ்சம் யோசித்து ஏறுங்கள். 2022-இல் வந்த அதில் பெட்டிகள் ஓடிக்கொண்டே தாமும் திரும்பும், பின்பக்கமாகவும் பாயும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இத்தகைய கோஸ்டர்களைப் பற்றி எழுதும்போது வேகமும் உயரமும் கடைசிப் பத்தியில் இருக்கட்டும். உள்ளே இருட்டு இருட்டாக இருந்ததா, போன அன்று எந்தெந்தக் காட்சி வேலை செய்தது, எது செத்துக் கிடந்தது என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள். திறப்பு விழா அழைப்பில் போய் எழுதியதோடு விட்டுவிடாமல், ஒரு வருஷம் கழித்துச் சாதாரண டிக்கெட்டில் அதே நிருபரை மறுபடி அனுப்புங்கள். இரண்டு கட்டுரைகளையும் ஒரே பக்கத்தில் போட்டால் வாசகர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி